தீக்கு உள்துறை, மலக்குழிக்குச் சமூகநீதித் துறை

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தது ஹெலிகாப்டர் அல்ல. குரங்கணி ஊர்க்காரர்களும் மலையில் வாழும் பழங்குடிகளும் எஸ்டேட் கூலிகளும்தான் போய்ச் சேர்ந்தார்கள். போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கி, உடல் வெந்தவர்களை இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் பிறகு வந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் விதிகளும் வந்தன.

அந்த டோலியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் இல்லாத இடத்தில் போர்வை ஸ்ட்ரெச்சர் ஆகிவிடும். கயிறு இல்லாத இடத்தில் வேட்டி கயிறு ஆகிவிடும். எதுவுமே இல்லாத இடத்தில் மனிதனே கருவியாகிவிடுவான். எந்த மனிதன் என்பதுதான் கேள்வி.

இந்தக் கட்டுரை காட்டுத்தீ பற்றியது அல்ல. சிறு ஊர்களுக்கு அவசரகாலக் கருவிகள் வாங்க அரசு எப்படிப் பணம் தருகிறது, யாருடைய உயிருக்கு எந்தத் துறையின் பணம் வருகிறது என்பது பற்றியது. ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாகக் கம்பம் பள்ளத்தாக்கின் பேரூராட்சி அலுவலகங்களில் வரவு செலவுப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவேட்டில் இருப்பதைவிட, பதிவேடு வைத்திருக்கும் அறைக்கு அடுத்த அறையில் இருப்பது அதிகம் சொல்லும் என்று தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், சொன்னால் என்னிடம் பேசியவரின் வேலை போகும். ஸ்டோர் ரூமில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், பழுதான கொசு மருந்து அடிக்கும் மெஷின், குடியரசு நாளுக்கு மட்டும் வெளியே வரும் கொடிக்கம்பம். அதன் பின்னால் மூன்று அட்டைப்பெட்டிகள். ஒன்றில் இடுப்போடும் தோளோடும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட், பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல். இன்னொன்றில் கையளவு கேஸ் டிடெக்டர். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதில் கம்பூட்ஸ், எல்லாம் ஒரே அளவு. கூட வந்த தூய்மைப் பணியாளர் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவுட்சோர்சிங்கில் வேலை. "இத ஃபோட்டோ எடுக்கன்னு வந்தப்ப ஒரு நா மாட்டிவிட்டாய்ங்க தம்பி. எடுத்து முடிச்சதும் கழட்டி வாங்கிட்டாய்ங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இன்றைக்குப் பாமாயில் இல்லை என்பது போலச் சொன்னார்.

அதே அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "கெணத்துல மாடு விழுந்தா, ஆத்துல பொணம் ஒதுங்குனா, செப்டிக் டேங்க்ல எவனாச்சும் மாட்டிக்கிட்டா, மொத போனு எங்களுக்குத்தான்." சிறு ஊரில் அவசரகால மீட்புப் படை என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இவர்கள்தான். சம்பளப் பட்டியலில் அப்படிப் பெயர் இல்லை. அருந்ததியர் தெருவிலும் காட்டுநாயக்கர் குடியிருப்பிலும் இருந்து வருகிறார்கள். ஊருக்கு ஆபத்து வந்தால் தொடுவதற்கு இவர்கள் வேண்டும். ஆபத்து தீர்ந்தால் தொடக் கூடாதவர்கள்.

தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், போடி, பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று ஆறு நகராட்சிகள், 22 பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் கம்பம் நகராட்சியின் மக்கள்தொகையே சுமார் 68,000தான். பள்ளத்தாக்கின் பெரும்பாலான வீடுகளுக்குச் செப்டிக் டேங்க்தான் கதி. மாநகராட்சிகள் விழா எடுத்து வாங்கும் மேன்ஹோல் ரோபோக்களால் இங்கே பயன் அதிகம் இல்லை. வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே, ஒரு ஆள் நுழையும் மூடியோடு இருக்கும் தொட்டிக்கு ரோபோ வராது. லாரி வரும். குழாயைப் போட்டு மேலே இருக்கும் தண்ணீரை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் அடியில் இறுகிய கசடு வராது. அப்போதுதான் வீட்டுக்காரர், "கொஞ்சம் எறங்கிப் பாத்து விட்டுருங்கப்பா, சேத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்.

உள்ளே என்ன இருக்கிறது? ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு, குறைந்துபோன ஆக்சிஜன். ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒரு கொடூரமான குணம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், வாடை தெரியாது. வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர், வாயு கூடிவிட்ட இடத்தில் இறங்குகிறார். முதல் ஆள் விழுந்ததும் இரண்டாவது ஆள் காப்பாற்ற இறங்குவார்; அண்ணன் விழுந்ததும் தம்பி, அப்பா விழுந்ததும் மகன். அடைபட்ட இடங்களில் நடக்கும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் மயங்கிய இரண்டு ஆந்திரத் தொழிலாளர்களைத் தூக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு சேர்ந்து இறந்தார்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யலாமே என்பீர்கள். செய்கிறார்கள். தீயணைப்பு வீரர்களிடம் மூச்சுக் கருவி இருக்கிறது, கயிறு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. ஆனால் ஊரகப் பகுதியில் தீயணைப்பு வண்டி வந்து சேர 20 நிமிடம் என்பதுதான் நாட்டின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல். ஆக்சிஜன் இல்லாமல் மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். விதிப்படி சரியான நேரத்துக்கு வந்தாலும் அவர்கள் எடுப்பது உடலைத்தான். ஆகவே கருவி சம்பவ இடத்தில், மூடி திறக்கும் முன்பே இருந்தாக வேண்டும்.

சட்டம் இதை அறியும். 2013ஆம் ஆண்டின் கையால் மலமள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் மலக்குழியில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. அதன் விதிகள் 44 வகைப் பாதுகாப்புச் சாதனங்களைப் பட்டியலிட்டன. கூடவே, தவிர்க்க முடியாத நேரத்தில் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி எழுத்தில் அனுமதி தந்தால் இறக்கலாம் என்று ஒரு சந்தையும் திறந்து வைத்தன. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான சாவுக் கணக்கில் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 200க்கும் மேல். சமூகநீதி மண் என்று மேடையில் முழங்கும்போது இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம்.

2023 சூலையில் ஒன்றிய உள்துறை, மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. 15ஆவது நிதிக்குழு ஒதுக்கிய பேரிடர்த் தயார்நிலை நிதியிலிருந்து 5,000 கோடி. மாநிலங்கள் போடும் பங்கோடு சேர்த்து 6,400 கோடி. அதில் 500 கோடி, சட்டச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. இது தேவையான திட்டம். எனக்கு இதில் சண்டை இல்லை.

அதே ஆண்டு கணக்கில் இன்னொரு திட்டம்: நமஸ்தே. இயந்திரமயத் தூய்மைப் பணிக்கான தேசியத் திட்டத்தின் சுருக்கப் பெயர். கும்பிடு மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். மலக்குழி, செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு உடை, அவசரகாலத் தூய்மை மீட்புப் பிரிவுகளுக்குக் கருவி, பயிற்சி, மருத்துவக் காப்பீடு, தொழில் தொடங்க மானியம் எல்லாம் இதற்குள்தான். மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு ஏறத்தாழ 350 கோடி. சேர வேண்டிய நகர உள்ளாட்சிகள் 4,800க்கும் மேல். வகுத்துப் பாருங்கள். ஓர் ஊருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 7 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு இரண்டரை லட்சம்கூட வராது. இதிலேயே குப்பை பொறுக்கும் தொழிலாளர்களையும் பின்னால் சேர்த்தார்கள். சேர்த்தது சரி, பணத்தை அதற்கேற்பக் கூட்டினார்களா என்பதுதான் கேள்வி.

தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை உறுத்துவது துறை. ஒரு வீடு தீப்பிடித்தால் அது நாட்டின் அவசரநிலை. உள்துறை பணம் தருகிறது. அதே வீட்டின் பின்கட்டில் ஒருவர் மூச்சுத்திணறிச் செத்தால் அது தாழ்த்தப்பட்டோர் நலன். சமூகநீதித் துறை பணம் தருகிறது. நமஸ்தேயை நகர்ப்புறத் துறையோடு சேர்ந்து நடத்துவதாகச் சொல்கிறார்கள், சரி. பொறுப்பு யாருடைய மேசையில் என்பதில் மாற்றமில்லை. மலம் எல்லாருடையதும். தொட்டி வீட்டுக்காரருடையது. அதில் இறங்கும் ஆபத்து மட்டும் சாதியினுடையது என்று ஒன்றிய பட்ஜெட்டே ஒப்புக்கொள்கிறது. இதே திட்டத்துக்காக எடுத்த கணக்கில், 2024 வரை பதிவான சுமார் 38,000 தொழிலாளர்களில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர், 8.3 விழுக்காடு பழங்குடியினர். இது தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தற்செயல் போலத்தான் பணம் ஒதுக்குகிறார்கள்.

இங்கே நம் தோழர்கள் சிலரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. அந்த நிதியிலிருந்து பேரூராட்சிகளுக்குக் கருவி வாங்கித் தரலாமே என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் கூடாது என்றேன், இப்போதும் அதுதான் என் நிலை. அந்தப் பணம் எங்கள் பிள்ளைகளின் விடுதிக்கு, நிலத்துக்கு, தொழிலுக்கு, மேற்படிப்புக்கு. ஊர்க்காரரின் தொட்டியைச் சுத்தம் செய்யும் செலவை, சுத்தம் செய்யச் சபிக்கப்பட்டவனின் பங்கிலிருந்தே எடுப்பது என்ன நியாயம்? சொத்துவரியிலிருந்தும் நிதிக்குழு மானியத்திலிருந்தும் வர வேண்டிய செலவு அது. பெருநகரங்கள் அல்லாத நகர உள்ளாட்சிகளுக்கு 15ஆவது நிதிக்குழு தந்த மானியத்தில் 30 விழுக்காடு துப்புரவுக்கென்றே கட்டிவைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் பேட்டரி வண்டி வாங்குகிறார்கள், தொட்டி வைக்கிறார்கள். ஊரின் கண்ணில் படும் துப்புரவுக்கு அந்தப் பணம் போகிறது. இறங்குகிறவரின் மூச்சுக்குப் போவதை நான் புரட்டிய பதிவேடுகளில் பார்க்கவில்லை.

பேரிடர் நிதியைக் கேட்கலாமா? கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன், ஒரு தயக்கத்தோடு. மாநிலப் பேரிடர் நிதியில் தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் என்று 10 விழுக்காட்டு வாசல் ஒன்று இருக்கிறது. ஒன்றிய அரசின் பட்டியலில் இல்லாத ஆபத்தையும் மாநிலம் தனக்கான பேரிடராக அறிவிக்க முடியும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை அப்படி அறிவித்தது. தயக்கம் எதற்கென்றால், மலக்குழி மரணம் புயலோ வெயிலோ அல்ல. அதற்குக் கூப்பிட்ட வீட்டுக்காரர் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு, கையெழுத்திட்ட அதிகாரி உண்டு. பேரிடர் என்று பெயர் வைத்தால் குற்றவாளி காணாமல் போய்விடுவார். ஆகவே சாவுக்குப் பேரிடர் நிவாரணம் வேண்டாம், வழக்கு வேண்டும். கருவிக்கு மட்டும் தயார்நிலைப் பணம் வேண்டும். இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு சிக்கல், அதிகம் பேசப்படாதது. எல்லாத் திட்டமும் கருவி வாங்கப் பணம் தருகிறது; வைத்துக்கொள்ளத் தருவதில்லை. கேஸ் டிடெக்டரின் சென்சாருக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான். இடையிடையே அளவு சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்லும். பொய் சொல்லும் டிடெக்டர், டிடெக்டர் இல்லாததைவிட ஆபத்து. முதுகில் மாட்டும் காற்று உருளை அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத்தான். காலியானால் அதற்கென்றே உள்ள கம்ப்ரஸரில் நிரப்ப வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பேரூராட்சி எங்கே கொண்டுபோகும்? முக்காலி, வின்ச், ஊதுகாற்று எந்திரம் எல்லாம் வருடத்துக்கு நாலு முறையாவது எடுத்துப் பழகினால்தான் ஆபத்தில் கை போகும். ஸ்டோர் ரூமில் நான் பார்த்த பெட்டிகள் யாரோ ஒரு தனி அதிகாரியின் அலட்சியம் மட்டும் அல்ல. பராமரிப்புக்கு ஒரு தலைப்பே இல்லாத பட்ஜெட்டின் விளைவு.

பணக்கார நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், முன்மாதிரியாக அல்ல. அங்கே நிறம் என்னென்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். அமெரிக்க வேளாண் துறை 20,000 பேருக்கு மிகாத ஊர்களுக்குத் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவை வாங்கக் கடனும் மானியமும் தருகிறது. மானியம் ஏணிப்படி போல. ஊர் சிறிதாகச் சிறிதாக, வருமானம் குறையக் குறைய, மானியப் பங்கு ஏறும். 5,000 பேருக்குள் உள்ள மிக ஏழ்மையான ஊருக்கு 75 விழுக்காடு வரை. நம்மிடம் ஏணி தலைகீழ். தீயணைப்புத் திட்டத்தில் 25 விழுக்காடு பங்கு போட வேண்டியது மாநிலம். அந்தப் பணத்தில் எந்த ஊருக்கு என்ன என்று முடிவு செய்வதும் மாநிலத் தலைநகரம். சின்ன ஊருக்கு இவ்வளவு போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிராம ஊராட்சிக்கு அந்தப் பாதியும் இல்லை. நமஸ்தே நகர உள்ளாட்சிகளுக்கானது. கம்பத்தை விட்டு வெளியே வந்தால் சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று ஊராட்சிகள் வந்துவிடும். (ஊர்ப் பெயரிலேயே சாதியைச் சுமக்கும் பள்ளத்தாக்கு இது.) அதே வீடு, அதே தொட்டி, அதே லாரி, இறங்குவது அதே ஆள். எல்லைக் கல்லைத் தாண்டினால் திட்டம் முடிந்துவிடும், வாயு முடியாது. கேட்பதற்குத் தலைவரும் இல்லை. தேனி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 சனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தனித்தொகுதி ஊராட்சியில் நாற்காலிக்காகப் போராடி உட்கார்ந்த தலித் பெண் தலைவரும் அன்றோடு வீட்டுக்குப் போனார்.

நகராட்சிகளை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஒன்றிய அரசே எட்டு மாநிலங்களில் 54 மலக்குழிச் சாவுகளை ஆராய்ந்த சமூகத் தணிக்கையை 2025இல் நாடாளுமன்றத்தில் வைத்தது. 90 விழுக்காட்டுக்கும் மேலான சாவுகளில் எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லை. 54 பேரில் 38 பேரைத் தனிநபர்களே நேரடியாக வேலைக்கு அழைத்திருந்தார்கள். அதாவது கருவி பேரூராட்சியின் அலமாரியில். சாவு தனியார் வீட்டுப் பின்கட்டில். ஆகவே கருவி லாரியோடு போக வேண்டும். செப்டிக் டேங்க் லாரிக்கு உரிமம் தரும்போது, கேஸ் டிடெக்டர், ஊதுகாற்று எந்திரம், முக்காலியோடு வின்ச், பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தர வேண்டும். வாங்க முடியாத சிறு லாரிக்காரருக்கு மானியம் கொடுங்கள். அதைவிட நல்லது, லாரியையே தொழிலாளர் கையில் கொடுப்பது. சென்னைக் குடிநீர் வாரியம் தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கிக் கழிவுநீர் வாகனங்களை வழங்கியது. சென்னையில் முடிந்தது சின்னமனூரில் ஏன் முடியாது? பத்துப் பேரூராட்சிக்கு ஒரு மையம், அதில் கருவிகளும் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர்களும், உத்தமபாளையத்தில் ஒன்று, போடியில் ஒன்று என்று வைத்தால் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. நிரந்தர ஊழியர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் அவுட்சோர்சிங் ஆளுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பது கணக்கு எழுதத்தான் உதவும்.

இதைப் படிக்கும் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். அவசரகாலத் தூய்மை மீட்புப் பிரிவு அமைக்கப்பட்டதா, அதில் யார் யார்? கேஸ் டிடெக்டர் கடைசியாக எந்தத் தேதியில் அளவு சரிபார்க்கப்பட்டது? ஸ்டோர் ரூம் சாவி இரவு பத்து மணிக்கு யாரிடம் இருக்கும்? 14420 என்ற உதவி எண்ணுக்கு உங்கள் ஊரிலிருந்து போன அழைப்புகளை யார் எடுத்தார்கள்? 30 நாளில் பதில் வர வேண்டும்.

நான் பார்த்த பேரூராட்சிக்கு நானும் போட்டிருக்கிறேன். சாவி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது: "சம்பந்தப்பட்ட பணியாளர் விடுப்பில் உள்ளார்."